நெஞ்சுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் மவுஸை விட மாட்டார்கள். அம்மா தூசு படாமல் துணி போட்டு மூடி வைப்பார். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வித்தியாசம். யாருக்காக அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேனோ, அந்த அப்பா அதன் பக்கமே வரவில்லை.

அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா குடும்பம் சிங்கப்பூரில். பேத்தியைப் பெரிய திரையில் பார்த்துப் பேசட்டும் என்றுதான் வாங்கினேன். அவரோ கதவோரம் நின்றபடியே கையசைப்பார். "கிட்ட வாங்க தாத்தா" என்று குழந்தை கூப்பிட்டாலும் நகர மாட்டார். ஒரு நாள் காரணம் கேட்டேன். "உள்ளே ஒரு மிஷின் ஓடிக்கிட்டிருக்குப்பா. அதுக்கும் இதுக்கும் ஒத்துக்கலேன்னா என்ன பண்றது?" என்றார்.

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு நான்கு மாதம் முன்புதான் அவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டையும் ஆங்கிலத்தில் ஒரு கையேடும் கொடுத்தார்கள். அவர்கள் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு படித்ததையும், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது கடினம்.

குழாயில் அடைப்பா, ஒயரில் தடையா?

அப்பாவுக்கு அடிக்கடி தலை சுற்றியது. நாடி பார்த்தபோது நிமிடத்துக்கு 38. டாக்டர் "ஹார்ட் பிளாக்" என்றார். செய்தி கேட்டு வந்த உறவினர்கள் எல்லோரும் "ஸ்டென்ட் வைத்தாயிற்றா?" என்றுதான் கேட்டார்கள். முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

இதயம் ஒரு பம்ப். அதன் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உண்டு. அவற்றில் அடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைப்பார்கள். பம்பை இயக்க ஒரு மின் இணைப்பும் உண்டு. மேல் அறையில் உள்ள ஒரு சிறு திசு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் துடிப்பை உருவாக்குகிறது. இதுதான் இதயத்தின் கடிகாரம். அந்தத் துடிப்பு நடுவில் ஒரு சந்திப்பில் சற்றே தாமதித்துக் கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. மேல் அறை தன் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க இந்தத் தாமதம் தேவை. சந்திப்பில் தடை ஏற்பட்டால் மேலிருந்து வரும் செய்தி கீழே சேராது. கீழ் அறைகள் தம் போக்கில் 30, 40 என்று மெதுவாகத் துடிக்கும். இதுதான் ஹார்ட் பிளாக். தண்ணீர்க் குழாய் நன்றாக இருந்தும் மோட்டாருக்குக் கரன்ட் சரியாக வராத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பேஸ்மேக்கர் வருகிறது. வராத செய்தியை அது கொடுக்கிறது.

பத்திரிகையில் வந்த சர்க்யூட்

ஆரம்ப காலப் பேஸ்மேக்கர்கள் வீட்டு ரேடியோ போல சுவரில் உள்ள பிளக்கில் சொருகும் பெரிய பெட்டிகள். 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் வால்டன் லில்லேஹை, பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும் என்று ஏர்ல் பேக்கனிடம் கேட்டார். பேக்கன் ஒரு கராஜில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துவந்த எலக்ட்ரிகல் இன்ஜினியர். மெட்ரானிக் என்ற நிறுவனத்தை 1949ல் தொடங்கியவர்களில் ஒருவர்.

அவருக்கு 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற பத்திரிகையில் பார்த்த ஒரு சர்க்யூட் நினைவுக்கு வந்தது. இசை கற்பவர்களுக்குத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கான டிரான்சிஸ்டர் சர்க்யூட் அது. அதைச் சற்று மாற்றி, சில வாரங்களில் கையடக்கமான ஒரு பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்துவிட்டார். இன்னொரு செய்தி: இதே பத்திரிகையின் 1975 ஜனவரி இதழ் அட்டையில்தான் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் இடம்பெற்றது. அதைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு சாப்ட்வேர் எழுதப் புறப்பட்ட பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாப்டைத் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் பழகியவர்களுக்கான ஒரு பத்திரிகை இரண்டு கதைகளிலும் இருக்கிறது!

உடலுக்குள்ளேயே வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் பொருத்தப்பட்டது. செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்தியவர் டாக்டர் ஓகே சென்னிங். நோயாளி 43 வயதான ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரத்தில் பழுதாகிவிட்டது. லார்சன் மனம் தளரவில்லை. வாழ்நாளில் 26 கருவிகள் மாற்றி, 86 வயது வரை வாழ்ந்து, 2001ல் வேறு நோயால் இறந்தார்.

அந்தக் காலக் கருவிகளுக்கு ஒரு குறை இருந்தது. அவற்றுக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. இதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு தாளமும் மோதினால் ஆபத்து. 1960களில் பாரூ பெர்கோவிட்ஸ் 'தேவைப்பட்டால் மட்டும்' துடிப்புக் கொடுக்கும் கருவியை உருவாக்கினார். கேட்டு, முடிவெடுத்து, பிறகு செயல்படுவது என்ற பழக்கம் பேஸ்மேக்கருக்கு அப்போதுதான் வந்தது.

இன்புட், பிராசஸ், அவுட்புட்

கம்ப்யூட்டர் வகுப்பின் முதல் பாடம் நினைவிருக்கிறதா? கீபோர்டு இன்புட், உள்ளே நடப்பது பிராசஸ், திரையில் தெரிவது அவுட்புட். பேஸ்மேக்கருக்கும் அதேதான். தோளெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சிறு உலோகப் பெட்டி. அதற்குள் பேட்டரி, சிப், மெமரி. அதிலிருந்து ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போகும் மெல்லிய ஒயர்களுக்கு லீடு என்று பெயர். இன்புட்டும் அவுட்புட்டும் இந்த லீடு வழியாகத்தான்.

நிமிடத்துக்கு 60 துடிப்பு குறையாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் அமைத்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1000 மில்லி செகண்ட். உள்ளே ஓடும் புரோகிராமை நம் மொழியில் எழுதினால் இப்படி இருக்கும்:

1. டைமரை 1000ல் வை.
2. டைமரைக் குறைத்துக்கொண்டே வா. அதே நேரம் லீடு வழியாகக் கேட்டுக்கொண்டிரு.
3. இதயம் தானாகத் துடித்தால் ஒன்றும் செய்யாதே. 1க்குப் போ.
4. துடிப்பு எதுவும் வராமல் டைமர் பூஜ்யத்துக்கு வந்தால், ஒரு சிறு மின் துடிப்பைக் கொடு. 1க்குப் போ.

அவ்வளவுதான். மூன்றாவது வரியைக் கவனியுங்கள். 'ஒன்றும் செய்யாதே' என்பதும் ஒரு கட்டளைதான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்புகள். அத்தனை முறையும் கேட்டு, தேவைப்பட்டபோது மட்டும் கை கொடுக்கிறது. பேட்டரி பல ஆண்டுகள் உழைப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மைக்கையும் ஸ்பீக்கரையும் அருகருகே வைத்தால் 'கீ' என்று அலறுமே, அதுபோலத் தான் கொடுத்த துடிப்பையே இதயத்தின் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எண்ணிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மிகச் சிறிது நேரம் காதில் விழுவதைக் கணக்கில் சேர்க்காது.

இப்போது நோயாளியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். வி.வி.ஐ., டி.டி.டி. என்று எழுத்துகள் இருக்கலாம். முதல் எழுத்து எந்த அறைக்குத் துடிப்புக் கொடுக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது, எந்த அறையைக் கேட்கிறது. மூன்றாவது, கேட்டதும் என்ன செய்கிறது. ஏ என்றால் மேல் அறை, வி என்றால் கீழ் அறை, டி என்றால் இரண்டும். மூன்றாவது இடத்தில் ஐ வந்தால், இதயம் தானாகத் துடிக்கும்போது சும்மா இரு என்று பொருள். நாம் மேலே எழுதிய புரோகிராமைக் கீழ் அறையில் ஓட்டினால் அதுவே வி.வி.ஐ. நான்காவதாக ஆர் இருந்தால், நடக்கும்போதும் படியேறும்போதும் வேகத்தைக் கூட்டத் தெரிந்த கருவி. போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதே போன்ற அசைவை உணரும் சென்சார்தான் பல பேஸ்மேக்கர்களில் இருக்கிறது.

ஓர் எண்ணை மாற்றினார்கள்

பேஸ்மேக்கரின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் டிபிப்ரிலேட்டர். மெதுவான இதயத்துக்குப் பேஸ்மேக்கர். கீழ் அறைகள் திடீரென மிக வேகமாகவோ தாறுமாறாகவோ துடித்து உயிருக்கே ஆபத்து என்னும் நிலைக்கு டிபிப்ரிலேட்டர். வார்சாவில் பிறந்த டாக்டர் மிஷெல் மிரோவ்ஸ்கி, தன் ஆசிரியரை இப்படிப்பட்ட கோளாறில் பறிகொடுத்த பிறகு இதை உருவாக்குவதில் இறங்கினார். பல நிபுணர்கள் நடக்காது என்றார்கள். 1980 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பேஸ்மேக்கரின் துடிப்பைப் பெரும்பாலானவர்கள் உணர்வதே இல்லை. டிபிப்ரிலேட்டரின் ஷாக் அப்படியல்ல. நெஞ்சில் உதைத்தது போல இருக்கும் என்கிறார்கள். ஆகவே தேவையில்லாத நேரத்தில் அது ஷாக் கொடுத்தால் வலி மட்டுமல்ல, எப்போது அடிக்குமோ என்ற பயமும் கூடவே தங்கிவிடும்.

எப்போது சிகிச்சை கொடுக்க வேண்டும்? இது முழுக்க சாப்ட்வேர் கேள்வி. 2012ல் வெளியான 'மேடிட் ரிட்' என்ற ஆராய்ச்சி இதைத்தான் சோதித்தது. 1500 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து செட்டிங்கை மட்டும் மாற்றினார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான முறை: துடிப்பு 170ஐத் தாண்டி 2.5 செகண்ட் நீடித்தால் சிகிச்சை. இரண்டாம் குழுவுக்கு 200ஐத் தாண்டினால்தான் சிகிச்சை. மூன்றாம் குழுவுக்கு 170ஐத் தாண்டினாலும் முதலில் 60 செகண்ட் காத்திருக்கும். மிக அதிக வேகத்துக்கு மட்டும் காத்திருப்பு குறைவு.

முடிவு என்ன தெரியுமா? இரண்டாம், மூன்றாம் குழுக்களில் தேவையற்ற சிகிச்சை முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதைவிட முக்கியம், 200 என்று அமைத்த குழுவில் இறப்பு, வழக்கமான குழுவைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. கருவி புதிதல்ல, மருந்தும் புதிதல்ல. அவசரப்படாதே என்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பல வேகத் துடிப்புகள் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆபீசில் ஒரு செட்டிங்கின் ஆரம்ப மதிப்பை எழுதும்போது, ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இங்கே ஓர் எண்ணில் உயிர் இருக்கிறது.

'புரோகிராமர்' வருகிறார்!

அடுத்த பரிசோதனைக்கு அப்பாவோடு நானும் போனேன். நர்ஸ் "கொஞ்சம் இருங்க, புரோகிராமர் வரும்" என்றார். நம்மைப் போல ஓர் ஆள் வருவார் என்று காத்திருந்தேன். வந்தது லேப்டாப் போன்ற ஒரு பெட்டி! அதற்குத்தான் அந்தப் பெயர். அதிலிருந்து ஒயரில் தொங்கும் வட்டமான கருவியை அப்பாவின் தோளருகே வைத்ததும், பேஸ்மேக்கரின் மெமரியில் இருந்ததெல்லாம் திரைக்கு வந்தது. பேட்டரி எவ்வளவு மீதம், நூற்றுக்கு எத்தனை துடிப்பு கருவி கொடுத்தது, எந்த நாளில் தாளம் தவறியது என்று வரிசையாக. நம் கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைக்கும் 'லாக்' பைல் போலத்தான்.

ஒரு நாள் இரவு சில நிமிடம் மேல் அறை தாறுமாறாகத் துடித்ததாகப் பதிவாகியிருந்தது. அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. "தூங்கிக்கிட்டிருந்தேன்" என்றார். இது சாதாரண விஷயமல்ல. 'அசர்ட்' என்ற ஆராய்ச்சி 2012ல் வெளியானது. இந்தக் கோளாறு இருப்பதாக அதுவரை கண்டறியப்படாத, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2580 பேரின் கருவிகளைக் கவனித்தார்கள். மூன்று மாதத்தில் பத்தில் ஒருவருக்கு 6 நிமிடத்துக்கு மேல் இத்தகைய வேகத் துடிப்பு வந்திருந்தது. அவர்களுக்குப் பக்கவாதம் போன்ற ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்றும் தெரியவந்தது. எல்லோருக்கும் உடனே ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்துவிடலாமா? அதனால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். ஆகவே நோயாளியைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். அப்பாவுக்கு இப்போதைக்குக் கவனித்தால் போதும் என்றார். வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப் போட்டால், அந்த லாகைப் படிக்க ஆளில்லை.

இதற்கும் அப்டேட் உண்டா?

உண்டு. 2008ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஆய்வுக்கூடத்தில் வைத்த ஒரு டிபிப்ரிலேட்டரோடு மிக அருகிலிருந்து ரேடியோ மூலம் பேசி, அதன் தகவல்களைப் படிக்கவும் செட்டிங்கை மாற்றவும் முடியும் என்று காட்டினார்கள். முன்னாள் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி, இதே பயத்தால் 2007ல் தன் கருவியின் வயர்லெஸ் வசதியை டாக்டர்கள் நிறுத்தியதாக 2013ல் ஒரு டி.வி. பேட்டியில் தெரிவித்தார்.

2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அபாட் நிறுவனத்தின் சில பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் ஒன்றை அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகள். அதற்காக யாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மருத்துவமனைக்குப் போனால் சுமார் 3 நிமிட வேலை. அந்த நேரத்தில் இதயம் என்ன செய்யும் என்கிறீர்களா? நம் விண்டோசில் 'சேப் மோட்' இருப்பது போல, கருவி நிமிடத்துக்கு 67 என்ற நிலையான துடிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை அந்தக் குறையால் யாருக்கும் பாதிப்பு ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. இருந்தாலும் ஓட்டையை அடைத்தார்கள். அப்டேட் என்று திரையில் வந்ததும் 'பிறகு' என்பதைக் கிளிக் செய்யும் நம் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

* கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ், பிரின்டர், வைபை ரூட்டர் ஆகியவற்றைப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ரூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

* காந்தம் உள்ள பொருளில்தான் கவனம் தேவை. ஸ்பீக்கர், ஹெட்போன், டேப்லெட்டின் உறை, லேப்டாப்பின் மூடி ஆகியவற்றில் காந்தம் உண்டு. நெஞ்சின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். ஹெட்போனைக் கழுத்தில் தொங்க விடாதீர்கள்.

* மொபைல் போனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். எதிர்ப் பக்கக் காதில் பேசுங்கள். வயர்லெஸ் சார்ஜர் என்றால் 30 சென்டிமீட்டர்.

* இன்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

* எர்த் சரியாக இல்லாத பிளக்கில் கம்ப்யூட்டரை இணைக்காதீர்கள். கசியும் மின்சாரம் லீடின் காதில் விழுந்தால் கருவி குழம்பலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

* அட்டை எப்போதும் பர்சில் இருக்கட்டும். விமான நிலையத்திலும், ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

* ஏதாவது ஒரு கருவியின் அருகே தலை சுற்றினால் உடனே விலகி நில்லுங்கள். பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

காந்தம் ஏன் இப்படி? பேஸ்மேக்கர் மேல் வலுவான காந்தம் வந்தால், பெரும்பாலான கருவிகள் காதைப் பொத்திக்கொண்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். டிபிப்ரிலேட்டர் ஷாக் கொடுப்பதையே நிறுத்தி வைக்கும். அறுவை சிகிச்சையின்போது டாக்டர்கள் பயன்படுத்துவதற்காக வேண்டுமென்றே வைத்த வசதி இது. காந்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் தெரியாமல் சட்டைப் பையிலேயே காந்தம் இருந்தால்? ஐபோன் 12ஐ ஒரு டிபிப்ரிலேட்டருக்கு நேர் மேலே நெஞ்சில் வைத்தபோது அதன் சிகிச்சை நின்றுபோனதை அமெரிக்க டாக்டர்கள் 2021ல் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அப்பாவின் பிறந்த நாளுக்குப் புதுப் போனும், பின்னால் காந்த வளையம் பதித்த உறையும் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நம் ஊர்ச் சட்டைகளில் பை இடப் பக்கம். அப்பாவின் பேஸ்மேக்கரும் இடப் பக்கம். கம்ப்யூட்டருக்குப் பயந்து கதவோரம் நின்ற மனிதர், பயப்பட வேண்டிய பொருளை நெஞ்சிலேயே வைத்திருந்தார். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. பரிசோதனையில் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

அன்று மாலையே உறையைக் கழற்றினேன். தெருமுனை டெய்லரிடம் அப்பாவின் ஆறு சட்டைகளைக் கொடுத்து, இடப் பக்கப் பையைப் பிரித்து வலப் பக்கம் தைக்கச் சொன்னோம். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கூலி வாங்க மறுத்துவிட்டார். "என் மாமனாருக்கும் வச்சிருக்குங்க. அவர் சட்டையையும் மாத்தித் தைக்கணும்" என்றார்.

இப்போது அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டருக்கு முன் உட்கார்ந்துதான் பேத்தியிடம் பேசுகிறார். டபுள் கிளிக் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. முதல் கிளிக்குக்கும் இரண்டாவதற்கும் நடுவே யோசிக்கிறார். "அவசரப்படாம கேட்டு, அப்புறம் செய்யணும்னு நீதானேப்பா சொன்னே?" என்கிறார். கண்ட்ரோல் பேனலில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்.